ஆடியும் விழாத பாற்பல்: எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது

பாற்பல் தானாக விழவேண்டுமென்றால் அதன் வேர் கரையவேண்டும். முரசுக்கு, அதாவது ஈறுக்கு, கீழிருந்து ஏறி வரும் புதுப்பல், தனக்கு நேர் மேலே இருக்கும் பாற்பல்லின் வேரை மெல்ல மெல்லக் கரையச்செய்கிறது. வேர் முழுவதும் போனபின் பல் முரசுத் தசையில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஆடும். பிறகு ஒருநாள் கச்சான் கடிக்கும்போதோ பல் தீட்டும்போதோ கையோடு வந்துவிடும். ஆகவே ஒரு பல் விழ மறுக்கிறது என்றால் முதலில் தேடவேண்டியது கீழே இருக்கவேண்டிய பல்லைத்தான். அது நேராக வராமல் பின்பக்கமாக வருகிறதா, வரத் தாமதமாகிறதா, எங்கேயாவது சிக்கி நிற்கிறதா, அல்லது பிறவியிலேயே இல்லையா என்று தெரிந்தால் செய்யவேண்டியதும் தெரிந்துவிடும். நூல் கட்டிப் பல்லைப் பிடுங்குவதைப் பற்றிய யோசனையை அதுவரைக்கும் தள்ளி வையுங்கள்.

வயதுக் கணக்கு

பாற்பற்கள் மொத்தம் 20. கீழ் நடு முன்பற்கள் இரண்டும் 6 முதல் 7 வயதுக்குள் விழும். மேல் நடுப்பற்கள் 7 வயதை ஒட்டியும், அவற்றின் பக்கத்துப் பற்கள் 7 முதல் 8 வயதுக்குள்ளும் போகும். அதன் பிறகு ஓர் இடைவெளி. 8 வயதுக்கும் 9 வயதுக்கும் நடுவில் ஒன்றுமே ஆடாமல் இருப்பது இயல்பு. வேட்டைப்பற்களும் (கோரைப்பற்கள்) கொடுப்புப்பற்களும் (கடைவாய்ப்பற்கள்) 9 முதல் 12 வயதுக்குள் விழுகின்றன. மேல் வேட்டைப்பல்லும் கடைசிப் பாற்கொடுப்பும் இந்த வரிசையில் பிந்தியவை.

இந்தக் கணக்கில் ஆறு மாதம், ஏன் ஒரு வருடம் முன்பின் ஆகலாம். முதற்பல் முளைக்கவே ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் பல் விழுவதும் பிந்தித்தான் இருக்கும். அதைவிட நம்பத்தக்க அளவு ஒன்று உண்டு: இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடுவது. ஒரு பக்கத்துப் பல் விழுந்து புதுப்பல்லும் வந்துவிட்டது, மற்றப் பக்கத்தில் அதே பல் ஆறு மாதம் கழிந்தும் அசையாமல் நிற்கிறது என்றால் எக்ஸ்றே எடுத்துப் பார்க்கவேண்டும். 8 வயதாகியும் ஒரு பல்லும் ஆடவில்லையென்றாலும், 4 வயதுக்கு முன் அடிபடாமலே பல் ஆடி விழுந்தாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

ஆறாவது பல் பாற்பல் அல்ல

இதை மட்டும் நின்று கவனியுங்கள். பாற்பல் என்று நினைத்துப் பலரும் கைவிடுகிற பல் இதுதான். 6 வயதளவில் பாற்கொடுப்புகளுக்குப் பின்னால், நான்கு மூலையிலும் ஒவ்வொரு பெரிய கொடுப்புப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல், வெறும் முரசைப் பிரித்துக்கொண்டு வருவதால் அது வந்ததையே வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அது நிரந்தரப் பல். ஆயுளுக்கும் அது ஒன்றுதான்.

எண்ணிப் பார்ப்பது இலகு. இரண்டு முன்பற்களுக்கு நடுவிலிருந்து ஒரு பக்கமாகப் பின்னோக்கி எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை பாற்பற்களின் இடம். ஆறாவதாக இருப்பது எப்போதும் நிரந்தரப் பல். இடையில் ஒரு பல் விழுந்திருந்தால் அந்த வெற்றிடத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். ஆறாவது பல்லில் கரும்புள்ளியோ குழியோ தெரிந்தால், "பாற்பல்லுத்தானே, விழுந்து முளைக்கும்" என்று விடவேண்டாம். புள்ளியாக இருக்கும்போதே போனால் அடைத்துக் காப்பாற்றிவிடலாம்.

வீட்டில் சோதிப்பது

காலை வெயில் விழும் விறாந்தையில் பிள்ளையை வெளிச்சத்தைப் பார்த்து இருத்துங்கள். இரவு ரோச் வெளிச்சத்தில் பார்ப்பது சரிவராது. நித்திரை தூங்கும் பிள்ளை வாயைத் திறந்து வைத்திருக்காது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, சுத்தமான துணியால் பல்லின் ஈரத்தைத் துடையுங்கள். ஈரம் இருந்தால் விரல் வழுக்கி, ஆடுகிற அளவு சரியாகப் பிடிபடாது. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து உதட்டுப் பக்கமும் நாக்குப் பக்கமும் மெல்லத் தள்ளுங்கள். பிறகு திருகிப் பாருங்கள்.

முன்னும் பின்னும் மட்டும் கொஞ்சம் அசைந்தால் வேரில் இன்னும் பெரும்பகுதி இருக்கிறது. எல்லாப் பக்கமும் சாய்ந்தால் வேர் பாதிக்கு மேல் போய்விட்டது. நோகாமல் காற்பங்கு சுற்றாவது திரும்பினால் வேரே இல்லை, தசை மட்டும் பிடித்திருக்கிறது. எடுக்கலாம் என்று சொல்லத்தக்கது இந்தக் கடைசி நிலை மட்டுமே.

கையோடு, அந்தப் பல்லுக்குப் பின்னாலும் முன்னாலும் முரசை விரலால் தடவுங்கள். கூரான விளிம்போ வெள்ளைக் கோடோ தட்டுப்பட்டால் புதுப்பல் அங்கே வந்துகொண்டிருக்கிறது. அடுத்து, பக்கத்துப் பற்களோடு உயரத்தை ஒப்பிடுங்கள். கடைசியாக, அந்தப் பல்லில் சூத்தையோ, முரசில் சீழ்ப்பொக்குளமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு வரிசையாகப் பல் வந்தால்

வீட்டைக் கலவரப்படுத்துவது பெரும்பாலும் இதுதான். கீழ் முன்பாற்பல் விழாமலே அதன் பின்னால், நாக்குப் பக்கமாகப் புதுப்பல் எட்டிப் பார்க்கும். 6, 7 வயதில் இது சாதாரணம். புதுப்பல் வேருக்கு நேர் கீழே வராமல் சற்றுப் பின்னால் வந்ததால் பாற்பல்லின் வேர் ஒரு பக்கம் மட்டும் கரைந்திருக்கிறது. பாற்பல் ஆடத் தொடங்கியிருந்தால் இரண்டு மூன்று மாதம் பொறுக்கலாம். அது விழுந்ததும் நாக்கே புதுப்பல்லை முன்னுக்குத் தள்ளி வரிசையில் சேர்த்துவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கம்பி போடும் தேவை இதனால் வருவதில்லை. நெருக்கமாகத் தெரிந்தாலும் தாடை வளர வளர இடம் கிடைக்கும்.

புதுப்பல் பாதிக்கு மேல் வெளியே வந்தும் பாற்பல் கொஞ்சமும் அசையவில்லையென்றால் அதைப் பல்வைத்தியர் எடுக்கவேண்டும். பயந்து ஓடவேண்டிய அவசரம் இல்லை, ஒரு சில வாரத்துக்குள் போனால் போதும்.

மேல்வரிசையில் இந்தத் தவணை கிடையாது. மேல் புதுப்பல் அண்ணப் பக்கமாக முளைத்தால், வாயை மூடும்போது கீழ்ப்பல் அதற்கு முன்னால் வந்து நிற்கும். அப்படி ஒருமுறை பூட்டிக்கொண்டால் நாக்குத் தள்ளினாலும் அது முன்னுக்கு வராது. பிறகு கம்பியோ தட்டோ வைத்துத்தான் சரிப்படுத்தவேண்டும். எனவே மேல் பாற்பல்லுக்குப் பின்னால் புதுப்பல் தெரிந்த கிழமையே காட்டுங்கள்.

ஆடுகிற பல்லுக்கு உதவி

பல் தீட்டிய பிறகு கழுவிய விரலாலோ நாக்காலோ ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிடம் பிள்ளையையே ஆட்டச் சொல்லுங்கள். தாய் ஆட்டினால் பயம். தானே ஆட்டும்போது நோகிற இடத்தில் பிள்ளைக்கு நிறுத்தத் தெரியும். சாப்பாட்டில் நார் உள்ளதாகக் கொடுங்கள். அவித்த பனங்கிழங்கு இதற்கு மிக நல்லது, மென்றுதான் தின்னவேண்டும், ஆனால் பல்லை உடைக்காது. அவித்த சோளன் பொத்தி, கொய்யாப்பழம், கரட் எல்லாம் உதவும். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலை அந்தப் பல்லில் வைத்துக் கடிக்கவிடவேண்டாம். ஆடும் பல் அதில் சட்டென்று சாய்ந்து முரசைக் கிழிக்கும், பிள்ளை பிறகு அந்தப் பக்கம் சாப்பிடவே மறுக்கும். தொபி, கல்மிட்டாய் போன்றவை ஒட்டிக்கொண்டு இழுத்தாலும் இதே தொல்லைதான், சூத்தை மேலதிகம்.

ஆடும் பல்லைச் சுற்றிப் பல் தீட்டாமல் விடுவது பெரும் பிழை. நோகும் என்று விட்டால் அழுக்குப் படிந்து முரசு வீங்கும். வீங்கியபின் இன்னும் நோகும். மென்மையான பிறஸில் பயற்றளவு புளோரைட் பற்பசை போட்டு, காலையிலும் படுக்கைக்கு முன்னும் தீட்டவேண்டும். கரியும் உமிக்கரியும் வேண்டாம். அவை புதுப்பல்லின் மிளிரியை, அதாவது கடினமான வெளிப்படையை, தேய்க்கும்.

எடுப்பது என்றால்

நோகாமல் திரும்பும் பல்லை மட்டும், பிள்ளை சம்மதித்தால் மட்டும் எடுங்கள். காலைச் சாப்பாடு முடிந்த பிறகு செய்வது நல்லது. இரவில் எடுத்தால் படுத்த பிறகு இரத்தம் கசிவது தெரியாது. விழுங்கிய இரத்தம் வயிற்றைப் பிரட்டி விடிய வாந்தியாக வரும்.

வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் செய்து, கோஸ் துணியால் பல்லை இறுக்கமாகப் பிடியுங்கள். கோஸ் இல்லையென்றால் அவித்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணித்துண்டு போதும். பஞ்சு வேண்டாம், அதன் நார் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். நேர் மேலே இழுக்காமல், விளக்குத் திரியைத் திருகுவதுபோலத் திருகியபடி வெளிப்பக்கமாகச் சாயுங்கள். ஒரே முயற்சியில் வரும். வராவிட்டால், அல்லது பிள்ளை "ஆ" என்று இழுத்தால் நிறுத்திவிடுங்கள். அந்தப் பல்லுக்கு இன்னும் ஒரு கிழமை வேண்டும் என்று அர்த்தம்.

கதவில் நூல் கட்டி அடிப்பதை ஏன் வேண்டாம் என்கிறோம் என்றால், நூல் ஒரே திசையில் இழுக்கும், எவ்வளவு இழுக்கிறது என்பதும் நம் கையில் இல்லை. ஒரு பக்கம் வேர் மிச்சமிருக்கும் பல் அதில் முறியும், இல்லாவிட்டால் முரசைத் தோலோடு உரித்துக்கொண்டு வரும். போர்க்காலத்தில் பல்வைத்தியரிடம் போக வழியில்லாதபோது நூல்தான் பல குடும்பங்களுக்கு வைத்தியமாக இருந்தது. அந்தத் தலைமுறை இப்போது அம்மம்மாவாகவும் அப்பப்பாவாகவும் வீட்டில் இருக்கிறது, அவர்கள் நூலை எடுத்தால் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இன்று மாற்று வழி இருக்கிறது. கறாம்பு எண்ணெயை முரசில் நேரே ஊற்றுவதும், மாத்திரையைப் பொடியாக்கிப் பல்லுக்கடியில் அடைப்பதும் தசையைப் பொசுக்கும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

எடுத்த பிறகு கோஸை மடித்து அந்த இடத்தில் வைத்து 20 நிமிடம் விடாமல் கடிக்கவேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் கட்டிய இரத்தம் பெயர்ந்துவிடும். துப்பவும் கொப்பளிக்கவும் அன்று வேண்டாம். எச்சிலோடு கலப்பதால் கொஞ்ச இரத்தமும் நிறையத் தெரியும், அதற்குப் பயப்படவேண்டாம். அன்று ஆறிய கஞ்சி, பிசைந்த சோறு போதும். உறைப்பும் சூடான தேத்தண்ணியும் மறுநாளைக்கு. மறுநாளிலிருந்து ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துச் சாப்பாட்டின் பின் கொப்பளித்தால் போதும்.

நோவுக்குப் பரசிற்றமோல். அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது: கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 20 கிலோப் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, ஆகவே 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் இல்லை. பாணியாகக் கொடுத்தால் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வாசித்துவிட்டு அளவுங்கள்.

வீட்டில் கைவைக்கவே கூடாதவர்கள்

சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்காத பிள்ளை, இதய நோயுள்ள பிள்ளை, வாதக்காய்ச்சலுக்காக மாதாமாதம் பெனிசிலின் ஊசி போடும் பிள்ளை ஆகியோருக்கு ஆடும் பல்லைக்கூட வைத்தியரிடம் சொல்லாமல் எடுக்காதீர்கள். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.

காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்கும் வேண்டாம். காலபோக மழை தொடங்கியபின் வன்னியில் நுளம்பு பெருகும் மாதங்களில் இது முக்கியம். டெங்குவில் இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுக்கள் குறையும்; அந்த நேரத்தில் எடுத்த பல்லின் இரத்தம் நிற்காது. காய்ச்சலில் பல் எடுக்காமலே முரசில் இரத்தம் கசிந்தால், அது ஆடும் பல்லால் என்று நினைத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அசையவே அசையாத பல்

பாற்கொடுப்புப்பல் ஒன்று பக்கத்துப் பற்களைவிடப் பதிந்து, படியிறங்கியதுபோலத் தெரிந்தால் அதன் வேர் தாடை எலும்போடு ஒட்டியிருக்கக்கூடும். பக்கத்துப் பற்கள் வளர்ந்து உயர, இது மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். கீழ்க்கொடுப்புகளில் இது கூடுதலாக வரும். இதை எவ்வளவு ஆட்டினாலும் பயனில்லை. எக்ஸ்றேயில் கீழே புதுப்பல் இருந்தால் பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடம் பிந்தி விழுந்துவிடும். பக்கத்துப் பற்கள் அதன்மேல் சாயத் தொடங்கினால் எடுப்பார்கள்.

சிலருக்குக் கீழே புதுப்பல்லே உருவாகியிருக்காது. மேல் நடுப்பல்லுக்குப் பக்கத்துப் பல்லும், இரண்டாவது பாற்கொடுப்புக்குக் கீழே வரவேண்டிய பல்லும் இப்படி இல்லாமற்போவதுண்டு. பரம்பரையாகவும் வரும், அதனால் தகப்பன், தாய், மாமன்மாருக்கும் ஒரு பல் குறைவா என்று கேட்டுப் பாருங்கள். இந்தப் பிள்ளைக்கு அந்தப் பாற்பல் ஒரு சொத்து. நன்றாகப் பேணினால் 20, 30 வயது தாண்டியும் நிற்கும். வயது கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக எக்ஸ்றே எடுக்காமல் அதைப் பிடுங்கினால் நிரந்தர ஓட்டைதான் மிஞ்சும்.

மேல் வேட்டைப்பல்லுக்குத் தனிக் கவனம் வேண்டும். 10 வயதில், பாற்பல்லுக்கு மேலே உதட்டுக்கும் முரசுக்கும் நடுவில் விரல் வைத்துத் தடவினால் உருண்டையாக ஒரு புடைப்புத் தட்டுப்படவேண்டும். 11 வயதாகியும் இல்லையென்றால், அல்லது ஒரு பக்கம் மட்டும் இருந்தால், புதுப்பல் அண்ணத்துக்குள் திரும்பியிருக்கலாம். அது பக்கத்துப் பல்லின் வேரையே அரித்துவிடும். நேரத்தோடு கண்டுபிடித்தால் பாற்பல்லை எடுத்துவிடுவதாலேயே பல பிள்ளைகளுக்குப் புதுப்பல் வழிக்கு வந்துவிடும்.

சூத்தையால் மேல்பாகம் கரைந்து வேர் மட்டும் நிற்கும் பாற்பல்லும் விழத் தாமதிக்கும், அல்லது முரசில் துளைத்துக்கொண்டு வெளியே வரும். சீழ்ப்பொக்குளம் உடைந்து வற்றிவிட்டால் சுகமாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். சீழ் கீழே இருக்கும் புதுப்பல்லின் மிளிரியைக் கெடுக்கும். கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, கண் இடுங்கினாலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாவிட்டாலோ அன்றே போகவேண்டும். மூச்சுத் திணறினால் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை.

மறுபக்கத்தில், நேரத்துக்கு முன் பாற்கொடுப்பை எடுப்பித்தால் பின்னாலிருக்கும் ஆறாவது பல் முன்னுக்குச் சரிந்து இடத்தை அடைத்துவிடும். அப்படி எடுக்கவேண்டி வந்தால் இடம்காக்கும் கம்பி வைக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

எங்கே போவது

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் பல் எடுப்பது இலவசம். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே போங்கள், 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளைப் பார்ப்பது அவர்களுடைய வேலை. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ் ஏறுமுன் எந்த நாளில் பல் எடுக்கிறார்கள், எத்தனை மணிக்கு நம்பர் கொடுக்கிறார்கள், எக்ஸ்றே அங்கேயே உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருநாள் கூலி வீணாகாது. பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்தே கூட்டிப்போங்கள். வெறும் வயிற்றில் ஊசி போட்டால் தலைசுற்றும்.

விறைப்பு ஊசி போட்டு எடுத்தால் உதடு இரண்டு மூன்று மணித்தியாலம் விறைத்திருக்கும். விறைப்பு விடும்வரை சாப்பாடு கொடுக்காமல், உதட்டைக் கடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள். பஸ்ஸில் நித்திரையாகிவிட்ட பிள்ளை உதட்டைச் சப்பிச் சப்பி, மறுநாள் வெள்ளைப் புண்ணோடும் வீக்கத்தோடும் எழும்பும். அது கடித்த புண், கிருமித்தொற்று இல்லை, ஒரு கிழமையில் ஆறிவிடும்.

விழுந்த பல்லை அணிலிடம் கொடுத்துக் கூரையில் எறியுமுன் ஒருதரம் அதன் அடியைப் பாருங்கள். குழிந்து, வெறும் ஓடுபோல இருந்தால் வேர் முழுவதும் கரைந்து வந்த பல். ஒரு பக்கம் நீண்டு, முறிந்த நுனி கூராக இருந்தால் வேர்த்துண்டு உள்ளே நிற்கிறது. ஊசியால் தோண்டவேண்டாம். சிறு துண்டு தானே கரையும், அல்லது மேலே தள்ளப்பட்டு வரும். வீக்கமோ சீழோ வந்தால் மட்டும் காட்டுங்கள். பல்லைப் பிள்ளை விழுங்கிவிட்டால் மலத்தோடு போய்விடும். இருமல் நிற்காமல், மூச்சில் சத்தம் வந்தால் அது சுவாசப்பைக்குப் போயிருக்கலாம், உடனே வைத்தியசாலை.

புதுப்பல் பாற்பல்லைவிட மஞ்சளாகவும், நுனி மரம் அரியும் வாள்போல் பற்பற்களாகவும் வரும். இரண்டும் இயல்பு. வவுனியாப் பக்கத்துக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் கூடிய இடங்களில் வெள்ளைக் கீறலோ கபிலப் புள்ளியோ இருக்கலாம். அது பல்லுக்குள்ளே உருவான நிறம், சாம்பலோ உப்போ போட்டுத் தேய்த்தாலும் போகாது. பாற்பல் விழுந்து ஆறு மாதமாகியும் அந்த இடத்தில் ஒன்றும் முளைக்கவில்லையென்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எக்ஸ்றேக்குப் போங்கள். மேல் நடுப்பல்லில் அப்படியானால் மேலதிகப் பல் ஒன்று குறுக்கே நின்று வழியை மறித்திருக்கக்கூடும்.